போர்மாவுக்கு மேல் ஒரு குப்பி

ஆண்களை வெட்கப்பட வைப்பதில் அந்தக் காலத்தில் பாறசாலைச் சுற்றுவட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, வேலை அப்படி. தொண்ணூற்றாறோ தொண்ணூற்றேழோ, சந்தைப் பக்கத்தில் ஒரு சின்னப் பரிசோதனைக் கூடத்தில் நான் டெக்னீஷியன். இரத்தம், மூத்திரம், சளி எல்லாம் பார்ப்போம். பிள்ளை இல்லை என்று தம்பதிகள் வந்தால், புருஷன்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, கையில் வாயகன்ற குப்பி ஒன்றைக் கொடுத்து, அதில் எதைக் கொண்டுவர வேண்டும் என்று முகத்துக்கு நேராகச் சொல்வது என் பொறுப்பு.

உண்மையில் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆனால் அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர், கல்யாணமாகாதவர். அந்த வார்த்தை வாய்க்கு வருவதற்கு முன்னாலேயே அவர் காது சிவந்துவிடும். 'அந்தச் சாம்பிள்' என்பார், அதற்கு மேல் நகர மாட்டார். எனக்கென்ன வெட்கம்? சமையல் குறிப்பு சொல்கிற மாதிரி கடகடவென்று சொல்லிவிடுவேன். மூன்று நாள் விலகி இருக்கணும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் இங்கே வந்து சேரணும். உடம்புச் சூடு ஆறக்கூடாது, அதனால் குப்பியை முண்டு மடிப்பில் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொள்ளணும். கேட்கிறவர்கள் மின்விசிறியைப் பார்ப்பார்கள், காலண்டரைப் பார்ப்பார்கள். பட்டாளத்தில் இருந்த ஒருவர் பதற்றத்தில் எனக்குச் சல்யூட் வைத்துவிட்டுப் போனார்.

கொண்டுவந்ததில் ஒரு துளியைக் கட்டம் போட்ட கண்ணாடியில் வைத்து மைக்ராஸ்கோப்பில் எண்ணுவேன். எண்ணிக்கை மட்டும் போதாது, ஓட்டத்தையும் பார்க்கணும். நேராக ஓடுகிறவன், ஆபீசுக்குப் போகிறவன். வட்டமடிக்கிறவன், கல்யாண வீட்டுக்கு வழி தெரியாதவன். இருந்த இடத்தில் வாலை ஆட்டுகிறவன், வேலைவெட்டி இல்லாதவன். அசையாமல் கிடக்கிறவனைச் சாயம் போட்டுப் பார்ப்பேன். சாயம் ஏறினால் ஆள் போயாச்சு. ஒவ்வொரு நாளும் இப்படி ஆயிரம் பேரைத் தரம் பிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் மீன் கறி வைப்பேன்.

ஒரு நாள் டாக்டர் திருவனந்தபுரம் போய்விட்டு ஜெராக்ஸ் கட்டு ஒன்றோடு வந்தார். உட்காரக்கூட இல்லை. நைட்ரிக் ஆக்சைடு என்று ஒரு வாயு, வண்டிப் புகையில் வருகிறதே, அதே விஷம்தான். அதை நம் உடம்பே துளித்துளியாகத் தயாரிக்கிறது, செய்தி சொல்லி அனுப்புவதற்காகத் தயாரிக்கிறது என்றார். வாயு என்பதால் அதற்குக் கதவு வேண்டாம். சுவரைத் தாண்டிப் போய்ச் செய்தியைச் சொல்லிவிட்டு நொடியில் கரைந்துவிடும். 'அந்தச் சாம்பிளில்' இருக்கிறவர்களுக்கும் அது சொல்கிறதாம், கொஞ்சமாக வந்தால் ஓடு என்று, அதிகமாக வந்தால் கிட என்று. கரிப்புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடையும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயுவையும்கூட இதே வேலைக்கு உடம்பு வைத்திருக்குமோ என்று சந்தேகப்படுகிறார்களாம். பூவார் போகிற வழியில், காயலோரம் கயிறு திரிக்கத் தேங்காய்த் தொண்டு அழுகப் போட்டிருக்கிற இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு போவோமே, அந்த நாற்றம். மூன்றும் ஆளைக் கொல்கிற வாயு, மூன்றையும் மூக்குப்பொடி அளவில் வைத்துக்கொண்டு உடம்பு தந்தியடிக்கிறதா என்று கேட்டு நான் சிரித்த சிரிப்பில் ஸ்டூல் சாய்ந்துவிட்டது.

அந்த ஜெராக்ஸைப் புரட்டியபோது, வாயுவை உண்டாக்க அவர்கள் சேர்த்த மருந்தின் பெயர் கண்ணில் பட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நைட்ரோப்ருசைடு! எங்கள் அலமாரியில் இரண்டாம் தட்டில், பழுப்புக் குப்பியில் இருக்கிற சிவப்புக் கல்தான் அது. சர்க்கரை நோயாளிகளின் மூத்திரத்தில் அசிட்டோன் உண்டா என்று பார்க்க நான் தினமும் கிள்ளிப் போடுகிற சாமானம். வெளிநாட்டில் யாரோ பெரிய படிப்பெல்லாம் படித்துச் செய்ததை, பாறசாலைச் சந்தைப் பக்கத்தில் இருந்துகொண்டு நாங்களும் செய்துவிடலாம்.

முடிவு எழுதிக் கொடுத்த பிறகு கொட்டப்போகிற மிச்சத்தில் முயற்சி செய்தோம். முதல் தடவை ஒரு சிட்டிகையைக் கரைத்து அப்படியே விட்டோம். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாரும் நின்றுவிட்டார்கள், ஒருத்தன் பாக்கி இல்லை. டாக்டர் கொலை செய்துவிட்டவர் மாதிரி கையைக் கழுவினார். அப்புறம் ஒரு துளியை ஆயிரம் மடங்கு நீர்க்க வைத்து, அதில் ஒரு துளியை மறுபடி ஆயிரம் மடங்காக்கி விட்டுப் பார்த்தோம். வாலாட்டிக்கொண்டிருந்த வேலைவெட்டி இல்லாதவர்கள் எழுந்து ஓட ஆரம்பித்தார்கள். 'போறான், போறான்' என்று நான் கத்த, டாக்டர் என்னைத் தள்ளிவிட்டுக் கண்ணை வைக்க, வெளியே சர்க்கரை முடிவுக்குக் காத்திருந்த பெரியவர் எட்டிப் பார்த்து யாருக்கு வேலை கிடைத்தது என்று விசாரித்தார்.

இப்படி ஊரார் வீட்டு வால்களையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்த எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை.

என் வீட்டுக்காரருக்கு நெய்யாற்றின்கரை ரோட்டில் பேக்கரி. பின்னால் வீடு, முன்னால் கடை, நடுவில் போர்மா. போர்மா என்றால் விறகும் சிரட்டையும் போட்டு எரிக்கிற பெரிய ரொட்டி அடுப்பு. காலை நாலு மணியிலிருந்து அதன் வாயில் இடுப்பை ஒட்டி நின்று, நீளத் துடுப்பால் ரொட்டியை உள்ளே தள்ளுவார், வெளியே இழுப்பார். நடுவில் அதன் கங்கிலேயே பீடி பற்றவைத்துக்கொள்வார். கடையில் கல்லாவில் மாமி, அதாவது அவர் அம்மா. சபையில் பெண்கள் ஐக்கியத்துக்கு மாமிதான் தலைவி. செவ்வாய்க்கிழமை ஜெபக் கூட்டத்தில் விண்ணப்பங்களை வாசிப்பார். முதலாவது நாட்டில் சமாதானம், இரண்டாவது மழை, மூன்றாவது ஊழியர்கள், நான்காவது வியாதியஸ்தர்கள், ஐந்தாவது என் கர்ப்பப்பை. முப்பது பெண்கள் கண்ணை மூடி 'ஆமென்' என்பார்கள். எனக்கு வந்த எரிச்சலில் பாட்டுப் புத்தகத்தைக் கிழித்துவிடலாம் போலிருக்கும்.

ஏனென்றால் எனக்குரிய பரிசோதனையெல்லாம் நான் எப்போதோ செய்து முடித்தாயிற்று. கோளாறு ஒன்றும் இல்லை என்று எழுதிய காகிதம் என் பைக்குள் நாலாக மடித்துக் கிடந்தது. அதைக் காட்டினால் விரல் யார் பக்கம் திரும்பும்? அதனால் காட்டவில்லை. அவரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஊரில் உள்ளவனுக்கெல்லாம் பயமில்லாமல் சொன்ன வார்த்தையை என் சொந்தப் புருஷனிடம் சொல்லும்போது எனக்கு நாக்கு குழறியது. அவர் ஒரு மாதம் யோசித்தார். கடைசியில் டாக்டர் லீவில் போன நாளாகப் பார்த்து, ரொட்டிப் பெட்டி கட்டிய ஸ்கூட்டரில் வந்து, குப்பியை என் மேஜையில் வைத்துவிட்டு, இஞ்சினைக்கூட அணைக்காமல் திரும்பிப் போனார். குப்பி வெதுவெதுவென்றுதான் இருந்தது. சொன்னபடி கேட்டிருக்கிறாரே மனுஷன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

கண்ணை வைத்தேன். ஆட்கள் ஏராளம். ஒருத்தன்கூட அசையவில்லை.

இன்னொரு துளி எடுத்தேன், அதுவும் அப்படித்தான். சாயம் போட்டேன், எல்லாவற்றிலும் சிவப்பு ஏறியது. எல்லாம் செத்துக் கிடந்தன. சிவப்புக் கல்லைக் கரைத்தேன், ஆயிரம் மடங்கு, அதிலும் ஆயிரம் மடங்கு. ஓடு, ஓடு என்று வாய்விட்டுச் சொன்னேன். செத்தவனுக்கு யார் என்ன செய்தி சொல்லி என்ன. கண்ணாடியைக் கழுவி வைத்துவிட்டு, மூத்திரக் குப்பிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். தன்னால் முடியாது என்று கேட்டால் அவர் முகம் எப்படிப் போகும் என்பதை நினைத்துத்தான் அழுதேன்.

வீட்டுக்குப் போய் அவரிடம் பொய் சொன்னேன். உங்களுக்கு ஒரு குறையும் இல்லை, எனக்குத்தான் என்றேன். அவர் மாவு பிசைந்த கையோடு பக்கத்தில் வந்தார்.

"அதுக்கு நீ ஏன் பிள்ளே அழுறா? எனக்கு நீ உண்டு. அது போரும்."

அந்தக் கையோடேயே என் தலையைத் தடவியதில் முடியெல்லாம் மாவு. குளிக்கப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு தடவை அழுதேன். மறுநாள் மாமி கேட்டபோது அதே பொய்யை அவரிடமும் சொன்னேன். அடுத்த செவ்வாய்க்கிழமையே ஐந்தாவது விண்ணப்பம் முதலாவது விண்ணப்பமாக ஏறியது.

இரண்டு வாரம் போயிருக்கும். பூவாரிலிருந்து ஒரு மீன் வியாபாரி வந்தார். நல்ல கறுத்த, திடமான ஆள். தோளில் மீன் கொண்டுபோகிற ஐஸ் பெட்டி. அதைத் திறந்து ஐஸைக் கிளறி, பேப்பர் சுற்றிய குப்பியை வெளியே எடுத்தார். நான் கொடுத்த குப்பிதான்.

"கெட்டுப் போவாம கொண்டு வந்திருக்கேன் ஆக்கும்," என்றார், ரொம்பத் தன்னம்பிக்கையோடு.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பரம்பரை பரம்பரையாக மீன் விற்கிறவர், கெடக்கூடாத சாமானத்தை வேறெங்கே வைப்பார்? டாக்டரும் உள்ளறைக்கு ஓடிப்போய்ச் சிரித்தார். பார்த்தால் எல்லாம் விறைத்துப்போய்க் கிடந்தன. குப்பியைக் கையிடுக்கில் வைத்துச் சூடுபண்ணினேன். கால் மணி நேரத்தில் ஒருத்தன் அசைந்தான், அப்புறம் பத்துப் பேர், அப்புறம் பாதிப் பேர் ஆபீசுக்குப் போகிற வேகத்தில் கிளம்பிவிட்டார்கள். வேறு குப்பி கொடுத்து, அடுத்த தடவை ஐஸ் வேண்டாம், மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இனி யார் வந்தாலும் எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று முதலில் கேட்டு எழுதணும் என்று டாக்டர் சொன்னார். அதை நான் எப்போதுமே கேட்பேனே என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

ஒரே ஒரு ஆளிடம் கேட்கவில்லை. நானே சொல்லிக் கொடுத்த ஆள்தானே என்று கேட்கவில்லை!

ஆட்டோ பிடித்துப் பேக்கரிக்குப் போனேன். மாமி கல்லாவில் இருந்தார். நான் நேராகப் போர்மாப் பக்கம் போய், அன்றைக்குக் குப்பியை எங்கே வைத்திருந்தீர்கள் என்று அவரைக் கேட்டேன். அவர் திருதிருவென்று விழித்தார். எடுத்த நேரத்தில் கல்யாண வீட்டுக்குக் கேக் கேட்டு ஆள் வந்துவிட்டதாம், அனுப்பிவிட்டுக் கிளம்ப அரை மணி நேரம் ஆனதாம்.

"சூடு ஆறப்படாதுன்னு நீதானே சொன்னா? போர்மாவுக்க மேல வச்சேன். ரொட்டி ஆறாம வைக்கிய இடம். அங்ஙன வச்சா ஒண்ணும் கெடாது."

கையை வைத்துப் பார்த்தேன். ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். மீன்காரர் ஐஸில் வைத்தார், ரொட்டிக்காரர் அடுப்பில் வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த பன் பாக்கெட்டை எடுத்து அவரை நாலு சாத்துச் சாத்தினேன். பன் சிதறியது. நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. வேகவைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என்னை இரண்டு வாரம் கொன்றீர்களே என்று கத்தினேன். நான் சொன்னது பொய், செத்துக் கிடந்தது உங்களுடையது என்ற உண்மையும் அதோடு வாயிலிருந்து விழுந்துவிட்டது.

திரும்பினால் மாமி நிற்கிறார்.

"எடி, குத்தம் எனக்குன்னு நீ சொன்னா. அதுக்கு மறுநாள் இவன் வந்து, அவளுக்கு ஒண்ணும் இல்ல, குத்தம் எனக்கு, அவளை ஒண்ணும் சொல்லப்படாதுன்னு சொன்னான். நான் ரெண்டு பேருக்கும் சேர்த்து உபவாசம் இருக்கேன். உள்ளத ஆரு சொல்லியது?"

நான் அவரைப் பார்த்தேன், அவர் துடுப்பைப் பார்த்தார். நான் அவருக்காகச் சொன்ன அதே பொய்யை அவர் எனக்காகச் சொல்லியிருக்கிறார், ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு. உள்ளது என்ன என்று இன்னும் யாருக்கும் தெரியாது மாமி, மூன்று நாள் பொறுங்கள் என்றேன். மூன்றாம் நாள் கொண்டுபோகும்போது நானும் கூட வாறேன், உங்க ரெண்டு பேரையும் இனி நம்ப முடியாது என்று மாமி சொல்லிவிட்டார்.

அப்படித்தான் போனோம். குப்பி என் இடுப்பில் சேலை மடிப்புக்குள். பக்கத்தில் மாமி, கோவிலுக்குப் போகும்போது மட்டும் உடுத்துகிற பாலராமபுரம் முண்டும் மேலே போடுகிற நேரியதும் உடுத்து, மடியில் வேதபுத்தகம். குழியில் ஏற்றாதே மக்கா, மெதுவாப் போ என்று ஆட்டோக்காரரிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் மாசமாக இருப்பதாக நினைத்து அவர் அவ்வளவு பொறுமையாக ஓட்டினார். என் வீட்டுக்காரர் வரவில்லை, கடையில் போர்மாவிலிருந்து பத்தடி தள்ளி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடியில் துளியை வைத்தேன். கண்ணை வைக்கப் பயமாக இருந்தது. கடைசியில் குனிந்தேன். டாக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஓடினார்கள்.

எல்லாரும் இல்லை. நூற்றுக்கு இருபது பேர்தான் நேராகப் போனார்கள், பாதிப் பேர் இருந்த இடத்தில் வாலாட்டினார்கள், மிச்சம் படுத்துக் கிடந்தார்கள். ஆனால் உயிர் இருந்தது. நான் மாமியின் கையைப் பிடித்து இழுத்து மைக்ராஸ்கோப்பு முன்னால் உட்கார வைத்தேன். மகனுடையதைத் தாய்க்குக் காட்டுவது சரியா தவறா என்றெல்லாம் கேட்காதீர்கள், அன்றைக்கு எனக்கு அந்த யோசனை வரவில்லை. டாக்டருக்கு வந்தது, அவர் உள்ளறைக்கு ஓடிவிட்டார்.

மாமி ஒரு கண்ணை மூடினார், மறு கண்ணை வைத்தார். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இது எல்லாம் எனக்க மவனுக்கதா?"

ஆமாம் என்றேன்.

"கர்த்தாவே," என்றார் மெதுவாக. "இம்புட்டுக்கும் பேரு போடணும்னா வேதபுஸ்தகத்துல பேரு திகையாதே."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன், சிரித்துச் சிரித்து விலா நொந்துவிட்டது. பிறகு எழுந்து, நீர்க்கவைத்துத் தயாராக வைத்திருந்த சிவப்புக் கல் தண்ணீரில் கடுகளவு அந்தத் துளியோடு சேர்த்தேன். மாமியே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்தார். சும்மா இருந்தவனும் போறான் பிள்ளே என்றார். நீ அதில் என்னத்தை விட்டாய் என்று கேட்டார். வாயு மாமி, நம்ம உடம்பிலேயே உண்டு, எழுந்து போடா என்று காதில் சொல்கிற வாயு என்றேன். அப்படியானால் அதைக் குப்பியில் பிடித்து அவனுக்குக் கொடு, காலையில் கட்டன் சாயாவில் கலந்து நானே கொடுக்கிறேன் என்றார் மாமி.

"வேண்டாம், வேண்டாம்!" என்று உள்ளறையிலிருந்து டாக்டர் ஓடிவந்தார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. குடித்தால் பிரஷர் விழுந்து ஆளே விழுந்துவிடுவார், இது கண்ணாடிக்கு மேல் பார்த்து ரசிக்கத்தான், மருந்தாக எவனும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றார். அதே வேகத்தில், வெட்கம் மறந்துபோய், அந்த வார்த்தையையும் மாமி முன்னால் சொல்லிவிட்டார். விந்து உருவாக இரண்டரை மாதம் ஆகும், இடுப்பில் அனல் பட்டால் அது தளர்ந்துபோகும், மூன்று மாதம் அந்த அடுப்பு வாயில் நிற்கக்கூடாது, பீடியும் கூடாது, அதிலும் கரிப்புகை வாயு இருக்கிறது என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவர் காது சிவந்தது.

மாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் நேரியதை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, தோர்த்துத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, மகன் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கினார். அறுபதை நெருங்கிய வயசு. மூன்று மாதம் மாமிதான் போர்மா வாயில் நின்றார், என் வீட்டுக்காரர் கல்லாவில் உட்கார்ந்து காற்று வாங்கினார். முதல் வாரம் ரொட்டியெல்லாம் கரிந்தது. ஊர்க்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கித் தின்றார்கள். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் யாரோ பழைய ஐந்தாவது விண்ணப்பத்தை நினைவுபடுத்தியபோது, அது வேண்டாம், அவளுக்கும் குத்தமில்ல, அவனுக்கும் குத்தமில்ல, குத்தம் போர்மாவுக்காக்கும் என்று மாமி சொல்லிவிட்டார். அன்றைக்கு முப்பது பெண்களும் ஒன்றும் புரியாமல் ஆமென் சொன்னார்கள், எல்லாரையும்விடச் சத்தமாக நான் சொன்னேன்.

அந்த வாயுவைப் பற்றிக் கண்டுசொன்னவர்களுக்குப் பெரிய பரிசு கொடுத்திருப்பதாகப் பிறகு ஒரு நாள் பேப்பரில் வந்தது. டாக்டர் அதை வெட்டி மைக்ராஸ்கோப்புக்கு மேலே சுவரில் ஒட்டினார். அப்போது என் மகளுக்கு ஏழு மாதம், தரையில் நீந்துகிற மாதிரி தவழ்ந்துகொண்டிருந்தாள்.

அவள் பிறந்த அன்று துணியில் சுற்றி மாமி கையில்தான் முதலில் கொடுத்தார்கள். மாமி அவளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் உற்றுப் பார்த்தார். ஏன் ஒரு கண்ணை மூடுகிறார் என்று சுற்றி நின்றவர்களுக்கு விளங்கவில்லை. மாமி என் பக்கம் குனிந்து, காதோடு கேட்டார்.

"மக்கா, அண்ணைக்கு ஓடுனதுல இது எதாக்கும்?"

அந்தத் துளியை அன்றைக்கே கழுவிக் கொட்டியாயிற்று மாமி, இது அதற்கு எத்தனையோ மாதம் கழித்து வந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். மாமியின் முன்கையில் போர்மா சுட்ட தழும்புகள் வரிசையாக இருந்தன, அந்தக் கையில்தான் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இடது பக்கம் முதல்ல போனது மாமி," என்றேன்.

"நான் அப்பமே நினைச்சேன்," என்றார் மாமி.